பெரிய ட்ரம்மை யார் தூக்குவது?

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு பாண்ட் பழக்கம் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. சின்ன ட்ரம்முக்கு ஆள் கேட்டால் வகுப்பே கை தூக்குகிறது. முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு போவதற்கு அடிபிடி. பெரிய ட்ரம்முக்கு மட்டும் ஒருவரும் இல்லை. கடைசியில் வகுப்பிலேயே உடம்பான பிள்ளையைப் பார்த்து, "நீ எடு மகன்" என்றோம். "வாணாம் சேர், அதத் தூக்கினா போட்டோவுல என்ட முகமே தெரியா" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான்.

எப்படியோ சம்மதிக்க வைத்தோம். போன வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல், பாடசாலைக்கு வரவில்லை. மற்ற எல்லோரும் இருந்தார்கள், எல்லா ட்ரம்மும் அடித்தது. ஆனால் மைதானத்தின் முதல் வளைவைத் தாண்டும்போதே அணியின் கால் பிசகிவிட்டது. முன்னால் போனவர்கள் ஒரு கால், பின்னால் வந்தவர்கள் மறு கால். அடுத்த நாள் அவன் வந்ததும் எல்லாம் சரியாகியது. அந்தப் பிள்ளைக்குச் சொல்வதற்கென்று எம்மிடம் ஒரு வரலாறு இருந்தது. ஒரு பாடவேளைக்குள் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறோம். வழக்கம்போலக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் தூரத்துக் கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டால் எம் வீட்டுக்கு என்ன கேட்கிறது? பாடகரின் குரல் வராது, கிட்டார் வராது. 'டும்... டும்டும்' என்று ஒன்று மட்டும் சுவரைத் தாண்டி வந்து படுக்கையை அசைக்கும். மேல்சுருதிச் சத்தத்தை சுவரும் மரமும் காற்றும் வழியிலேயே தின்றுவிடுகின்றன. கீழ்ச்சுருதியின் அலை நீளமானது, அது தடைகளைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ரொக் இசையில் அந்தச் சத்தத்துக்குப் பொறுப்பானவர்தான் பேஸ் கிட்டார் வாசிப்பவர். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸுக்குப் பெரும்பாலும் நான்கு. கம்பி தடிப்பு, நீளமும் கூட. கிட்டாரின் தடித்த கம்பி செக்கனுக்கு 82 தடவை அதிரும். பேஸின் தடித்த கம்பி 41 தடவை, சரியாகப் பாதி. ட்ரம் நேரத்தைச் சொல்கிறது, கிட்டாரும் குரலும் இராகத்தைச் சொல்கின்றன, இரண்டையும் கட்டி வைத்திருப்பது பேஸ். மேலே கிட்டார் அதே சுரங்களையே வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழே பேஸ்காரர் ஒரு சுரத்தை மாற்றினால் போதும், பாட்டின் முகமே மாறிவிடும். கேட்பவருக்கு ஏன் மாறியது என்றும் தெரியாது.

எமக்கும் நீண்ட காலம் தெரியாது. எங்கள் வாப்பாவிடம் ஒரு கசட் ரேடியோ இருந்தது. அதன் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த சத்தத்தைக் காற்றில் தள்ள முடியாது. ஆகவே சிறுவயதில் நாம் கேட்ட பாட்டுகளில் ஒரு ஆள் முழுவதுமாக இல்லை. கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரு நண்பர் தன் ஹெட்போனை எம் காதில் மாட்டிவிட்ட அன்றுதான் அந்த ஆள் வந்து சேர்ந்தார். நாம் பல தடவை கேட்ட பழைய அமெரிக்கப் பாட்டு அது, டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்', 1964 இல் வெளிவந்தது. கிட்டாரில்தான் தொடங்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தோம். அதற்கு முன்பே பேஸ் பேசத் தொடங்கிவிடுகிறதாம். "யார் இது?" என்று கேட்டோம். நண்பருக்கும் தெரியவில்லை. அந்த இசைத்தட்டு வெளியான காலத்தில் அதை வாங்கியவர்களுக்கும் தெரியாது. பெயர் அதில் அச்சாகவில்லை.

பெயரைப் பிறகு சொல்வோம். முதலில் வாத்தியம்.

1950 வரை தாழ்ந்த சத்தத்துக்கு டபிள் பேஸ்தான். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம். காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகவேண்டும், மழையில் நனையக்கூடாது. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுபோனாலும் ட்ரம்மும் மின்சாரக் கிட்டாரும் சேர்ந்து முழங்கும் மேடையில் அதன் சத்தம் எடுபடாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர் 1951 இல் இதற்கு ஒரு வழி கண்டார். கிட்டார் போலவே கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், மின்சாரத்தில் ஒலிக்கும், கழுத்தின் குறுக்கே உலோகக் கோடுகள் பதிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். விரலைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சுரம் தானாகவே துல்லியமாக விழும். அதனால்தான் அதற்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர் வைத்தார். இதில் எமக்கு மிகவும் பிடித்த விடயம், உலகின் கிட்டார் மேடையையே மாற்றிய அந்த மனிதருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது.

வாத்தியம் வந்துவிட்டது. தூக்குவதற்கு ஆள் வேண்டுமே?

பீட்டில்ஸ் குழுவின் பெயரை எம்மில் பலர் கேட்டிருப்போம். 1961 இல் அவர்கள் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களின் பேஸ்காரர் ஸ்டுவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்கப் போவதாகக் குழுவை விட்டு விலகினார். இடம் காலியானது. ஜோன் லெனன் மாட்டேன் என்றார், ஜோர்ஜ் ஹரிசன் மாட்டேன் என்றார். மிஞ்சியவர் போல் மெக்கார்ட்னி. பேஸ் என்றால் பின்னால் நிற்கும் உடம்பான ஆளுக்கு உரியது என்றே தாங்கள் நினைத்திருந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். (எமது பிள்ளை சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்!) அவர் இடக்கைக்காரர். ஹம்பர்க் கடையொன்றில் வயலின் வடிவில் ஒரு ஹொஃப்னர் பேஸ் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. விலையும் குறைவு, அன்றைய கணக்கில் சுமார் 30 பவுண். அதை வாங்கிக்கொண்டார். வேண்டாவெறுப்பாக எடுத்த அந்த வாத்தியத்தை ஐந்தே வருடத்தில் பாட்டுக்குள் இன்னொரு பாட்டைப் பாட வைத்தார்.

அதை அவர் எங்கிருந்து கற்றார் என்று கேட்டால், கடல் கடந்து அமெரிக்காவின் டெட்ராயிட் நகருக்குப் போகவேண்டும். எம் ஹெட்போனில் வந்த அந்தப் பெயரில்லாத ஆளும் அங்கேதான் இருந்தார்.

ஜேம்ஸ் ஜேமர்சன். 1936 இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு கோலில் இறப்பர் பட்டியை இழுத்துக் கட்டி, எறும்புப் புற்றருகே குத்திவைத்துச் சுண்டி, எறும்புகளை ஆடவைக்கப் பார்ப்பாராம். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் இதுவும் ஒன்று. 1954 அளவில் தாயாரோடு டெட்ராயிட் வந்து, பாடசாலையில் கிடந்த டபிள் பேஸைக் கையில் எடுத்தார். பள்ளி முடிந்ததும் ஜாஸ் விடுதிகளில் வாசித்தார்.

அந்த நகரில் 1959 இல் பெரி கோர்டி என்பவர் குடும்பத்திடம் 800 டொலர் கடன் வாங்கி ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். வெஸ்ட் கிராண்ட் பொலிவாட் வீதியில் சாதாரண வீடொன்று, அதன் பின்புறத்தில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம். எங்கும் வயர் பின்னிக் கிடந்ததால் 'பாம்புக் குழி' என்று வாத்தியக்காரர்கள் கேலியாக அழைத்தார்கள். டயானா ரொஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று பாடகர்கள் மாறி மாறி வருவார்கள். பின்னால் வாசிப்பவர்கள் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். காலையும் வேலை, இரவும் வேலை. உலகம் முழுவதும் விற்ற அந்த இசைத்தட்டுகளில் பாடகர் பெயர் உண்டு, எழுதியவர் பெயர் உண்டு. வாசித்தவர்கள் பெயர் இல்லை.

ஜேமர்சன் என்ன புதிதாகச் செய்தார்? அவருக்கு முன் பெரும்பாலான பேஸ்காரர்கள் ஒரு அடிப்படைச் சுரத்தையும் அதன் ஐந்தாம் சுரத்தையும் மாறி மாறி வாசித்துவிட்டுப் போவார்கள், கடிகாரப் பெண்டுலம் மாதிரி. ஜேமர்சன் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் இருக்கும் அரைச் சுரங்களையும் தொட்டுக்கொண்டு போனார். அடி விழவேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டு, எதிர்பார்க்காத இடத்தில் வந்து விழுவார். அப்படி இருந்தும் ஆடுபவரின் கால் பிசகாது. எம் பாண்ட் ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். நேரத்தைக் காப்பாற்றுவதும் நேரத்தோடு விளையாடுவதும் ஒரே கையில் இருப்பது மிகவும் அரிது.

அந்தக் கை என்றாலும் முழுக் கை கிடையாது. வலக்கையில் ஒரேயொரு சுட்டுவிரல்! டபிள் பேஸ் காலத்துப் பழக்கம். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். அவருடையது 1962 ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ். அதன் கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அழுக்கும் எண்ணெயும் ஏறிய கம்பியில்தான் சத்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி. கம்பி கழுத்திலிருந்து மிகவும் உயர்ந்து நின்றதால் வேறு யாரும் அதில் வாசிப்பது கஷ்டம். பாலத்துக்கு அடியில் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு. அது சத்தத்தை நீளவிடாமல் ஒவ்வொன்றையும் உருண்டையாக வெட்டிவிடும்.

1960களின் நடுப்பகுதியில் இந்தச் சத்தம் லண்டனுக்குப் போனபோது பீட்டில்ஸ் குழுவுக்குப் பொறாமை. எங்கள் தட்டில் ஏன் இவ்வளவு பேஸ் இல்லை என்று மெக்கார்ட்னி கேட்டார். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. இசைத்தட்டில் தாழ்ந்த சத்தம் கூடினால் கோடு அகலமாக வளைந்து ஓடும், வீட்டில் வைத்துக் கேட்கும்போது ஊசி துள்ளிவிடும். நிறுவனத்தாருக்கு அந்தப் பயம். 1966 இல் 'பேப்பர்பெக் ரைட்டர்' பாட்டைப் பதிவுசெய்தபோது ஜெஃப் எமரிக் என்ற இளம் ஒலிப்பதிவாளர் ஒரு ஒலிபெருக்கியைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். பேஸின் ஸ்பீக்கருக்கு முன்னால் இன்னொரு ஸ்பீக்கரை மைக்காக வைத்தார். விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. இரண்டுக்குள்ளும் இருப்பது காந்தமும் சுருளும்தான். ஒன்று மின்சாரத்தைச் சத்தமாக்குகிறது, மற்றது சத்தத்தை மின்சாரமாக்குகிறது. அந்தப் பாட்டைக் கேட்டால் பேஸ் கதவை உடைத்துக்கொண்டு முன்னால் வருவது தெரியும். அடுத்த வருடப் பாட்டுகளில் மெக்கார்ட்னி வேறு ஒரு வழக்கத்தையும் பிடித்தார். மற்றெல்லாம் பதிவான பிறகு, தனியே உட்கார்ந்து, பேஸைக் கடைசியாக வாசிப்பது. பாட்டில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நிரப்பினார். தன் ஆசான்களில் ஒருவராக அவர் ஜேமர்சனைச் சொல்லத் தயங்கியதே இல்லை.

அதே லண்டனில் இன்னொருவர் முற்றிலும் வேறு பாதையில் போனார். த ஹூ குழுவின் ஜோன் என்ட்விசில். வரித் திணைக்களத்தில் வேலை பார்த்தவர், ஊதுகுழல் வாத்தியங்கள் பயின்றவர். அவருடைய குழுவில் கிட்டார்காரர் மேடையில் கிட்டாரை அடித்து நொறுக்குவார், ட்ரம்காரர் ட்ரம்மை உதைத்துத் தள்ளுவார், பாடகர் மைக்கைச் சுழற்றுவார். என்ட்விசில் மட்டும் தூண் மாதிரி ஒரே இடத்தில் நிற்பார். விரல்கள் மட்டும் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குழப்பம் செய்வது அவர்தான் என்று தோன்றும். 1965 இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில் கிட்டாருக்குரிய தனி ஆவர்த்தன இடத்தைப் பேஸுக்குக் கொடுத்தார்கள். ரொக் இசையில் அது அன்று கேள்விப்படாத விடயம். அதற்காக அவர் மெல்லிய கம்பியுள்ள டானெலெக்ட்ரோ பேஸ் ஒன்றை வாங்கினார். கம்பி அறுந்தது. தனிக் கம்பி கடையில் கிடைக்கவில்லை, ஆகவே கம்பிக்காக இன்னொரு பேஸையே வாங்கினார். அதுவும் அறுந்தது, மூன்றாவதும் வாங்கினார். கடைசியில் வேறு பேஸில்தான் பதிவு முடிந்தது. இந்த அனுபவம் வீண்போகவில்லை. அடுத்த வருடம் ரோட்டோசவுண்ட் என்ற கம்பி நிறுவனத்தோடு உட்கார்ந்து, பியானோ போலக் கணீரென்று ஒலிக்கும் புதுவகைக் கம்பியை உருவாக்க உதவினார். இன்றைய ரொக் பேஸின் உலோகச் சத்தத்தில் பெரும் பங்கு அந்தக் கம்பிக்கு உண்டு. ஜேமர்சன் பழைய கம்பியை மாற்றவே மாட்டேன் என்றார், என்ட்விசில் புதுக் கம்பிதான் வேண்டும் என்றார். இருவர் சொன்னதும் சரி.

கலிபோர்னியாவில் லாரி கிரஹாம் என்ற இளைஞர் தன் தாயாரின் சிறு குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே காலால் ஓகனின் பேஸ் கட்டைகளை மிதித்தார். ஓகன் பழுதானது. திருத்தும் வரைக்கும் என்று பேஸ் கிட்டார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பிறகு குழுவில் ட்ரம் அடிப்பவரும் இல்லாமற் போனார். ட்ரம்மின் குறையைத் தீர்க்க, தடித்த கம்பியைப் பெருவிரலால் அடித்தார், மெல்லிய கம்பியை மற்ற விரலால் இழுத்துச் சுண்டினார். ஸ்லை அன்ட் த ஃபமிலி ஸ்டோன் குழுவில் சேர்ந்து 1969 இல் அவர் இந்த முறையில் வாசித்த பாட்டு வெளியானபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 'ஸ்லாப்' என்று இன்று இளைஞர்கள் யூடியூபில் பார்த்துப் பழகுவது இதைத்தான். இல்லாத ட்ரம்காரரை ஈடுசெய்யப் போய் வந்த வித்தை என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

லொஸ் ஏஞ்சல்ஸில் கரோல் கே. பிள்ளைகளை வளர்க்கப் பகலில் அலுவலக வேலை, இரவில் ஜாஸ் கிட்டார் என்று ஓடிய தாய். 1963 இல் ஒரு பதிவுக்குப் பேஸ்காரர் வரவில்லை, நீங்கள் பிடியுங்கள் என்றார்கள். பிடித்தார். அதன்பின் அவர் வாசித்த ஒலிப்பதிவுகள் சுமார் 10,000 என்று மதிப்பிடப்படுகிறது. பீச் போய்ஸ் குழுவின் புகழ்பெற்ற 1966 ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அவர் விரல் இருக்கிறது. 2025 இல் ரொக் இசையின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்போவதாக அறிவித்தபோது, வேண்டாம் என்று சமூக வலைத்தளத்தில் எழுதிவிட்டார், 90 வயதில். பலர் கூடிச் செய்த வேலைக்கு ஒருவருக்கு விருதா என்பது அவர் பக்க நியாயம்.

எங்கள் ஊர் த்ரீவீலர்களின் பின்புறத்தில் பொப் மார்லியின் படத்தைப் பார்க்காதவர் இருக்கமாட்டீர்கள். அவர் ஆடிய பாட்டுகளின் பேஸ் அஸ்டன் பரட் உடையது. முதல் பேஸைப் பலகையிலும் திரைச்சீலைக் கம்பியிலும் தானே செய்துகொண்டவர். தனக்குச் சேரவேண்டிய உரிமைப் பணம் கிடைக்கவில்லை என்று லண்டனில் வழக்குப் போட்டு 2006 இல் தோற்றார். 2024 இல் காலமானார். அவருடைய படத்தை எந்த த்ரீவீலரிலும் நாம் கண்டதில்லை.

ஜேமர்சனிடம் திரும்புவோம். 1971 இல் மார்வின் கே தன் 'வட்ஸ் கோயிங் ஒன்' தொகுப்பின் உறையில், நிறுவனத்தின் வழக்கத்துக்கு மாறாக, வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட வைத்தார். ஜேமர்சன் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஒரு சொல்லும் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் வாசித்த பிறகு! அடுத்த வருடம் மோட்டவுன் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. வேலைக்கு வந்த வாத்தியக்காரர்கள் கதவில் ஒட்டிய அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்று அவர்களைப் பற்றிய ஆவணப்படம் சொல்கிறது. ஜேமர்சன் பின்னாலேயே போனார். அங்கே பளிச்சென்ற புதுக் கம்பிச் சத்தம் கேட்டார்கள். பெருவிரலால் அடிக்கும் முறை கேட்டார்கள். அவர் மாறவில்லை. குடிப்பழக்கம் ஏற்கனவே அவரைத் தின்றுகொண்டிருந்தது, அது மிச்சத்தையும் தின்றது.

1983 மார்ச்சில் மோட்டவுன் தன் 25 ஆண்டு நிறைவைப் பெரிய மேடை நிகழ்ச்சியாகக் கொண்டாடியது. மைக்கல் ஜக்சன் முதன்முதலாக மூன்வோக் நடந்து காட்டிய அதே இரவுதான். அதை எம்மில் பலர் வீடியோவில் பார்த்திருக்கிறோம். அந்த மண்டபத்தின் மேல்மாடியில், பின்வரிசையில், கள்ள விலைக்கு டிக்கட் வாங்கிக்கொண்டு வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜேமர்சன். அழைப்பு வரவில்லை. கீழே மேடையில் பாடப்பட்ட பழைய பாட்டுகளுக்கு முதலில் பேஸ் வாசித்தவர் அவர்தான் என்பது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1983 ஓகஸ்ட் 2 ஆம் திகதி, 47 வயதில் இறந்தார். 1989 இல் அவரைப் பற்றி ஒரு நூல் வந்தது. 2000 இல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது, பின்னணிக் கலைஞர்களுக்கென்று அந்த வருடம்தான் புதிதாக ஒரு பிரிவு திறந்தார்கள். 2002 இல் மேலே சொன்ன ஆவணப்படம் வந்தது.

இத்தனையையும் எம் பிள்ளைக்கு இடைவேளையில் சுருக்கிச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேர், அந்த ரெண்டு பேர்ட பேஸும் இப்ப எங்க இருக்கு?" என்றான்.

மெக்கார்ட்னியின் அந்த 30 பவுண் ஹொஃப்னர், 1972 இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவு போனது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு ஒரு குழு உலகெங்கும் அறிவித்துத் தேடியது. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்தது கிடைத்து, உரியவரிடம் போய்ச் சேர்ந்ததாக 2024 பெப்ரவரியில் அறிவித்தார்கள். ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸ், அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் களவு போனது. அது இன்னும் கிடைக்கவில்லை.